ஜன்னலில் கம்பளி

முப்பத்தேழு மட்டும் வந்துவிடக் கூடாது என்று சின்னவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சரிபார்க்க வந்த அக்கரைக்காரர் டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு சீட்டை எடுத்தார். பிரித்து மேசைமேல் வைத்தார். முப்பத்தேழு.

"பன்னிரண்டாவது. அவ்வளவுதான். நாளைக்குக் கிளம்பலாம்," என்று கையைத் தட்டிக்கொண்டார்.

பாட்டில் தொழிற்சாலையின் லைன் வீடுகளில் தொண்ணூற்றாறு வீட்டை அவள்தான் கணக்கெடுத்திருந்தாள். மற்ற தொண்ணூற்றைந்தில் எது வந்திருந்தாலும் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாள். முப்பத்தேழு அவள் குடியிருக்கிற வீடு.

தன் வீட்டைத் தானே எழுதக் கூடாது என்பது விதி. வீடு அக்கா புருஷன் பேரில் இருந்தது. அவர் பேருக்கும் அவள் பேருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று எழுதிவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. அந்த வீட்டை அவள் பாதிதான் எழுதியிருந்தாள். வினை அதில் இருந்தது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு. இரண்டிலும் அதே வெயில், அதே பேச்சு. அக்கரைக்காரர்கள் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இரண்டுக்கும் ஓயாத போட்டி ஒன்று உண்டு. ஏழை யாரிடம் குறைச்சல்? நடுத்தரம் யாரிடம் ஜாஸ்தி? ஆளுக்கு ஒரு விதமாக எண்ணி, ஆளுக்கு ஒரு விதமாக மார்தட்டி, கடைசியில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி இரண்டு நாட்டுக்கும் ஒரே படிவம் என்று முடிவு கட்டினார்கள். பத்துக் கேள்வி, பத்துப் புள்ளி. சிமெண்ட் தரைக்கு ஒரு புள்ளி, மின்விசிறிக்கு ஒன்று, ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, கேஸ் அடுப்புக்கு ஒன்று. இப்படிப் போகும். ஏழு வந்தால் அந்த வீடு நடுத்தரம். நாலுக்குக் கீழே இறங்கினால் ஏழை. கடைசிக் கேள்வியில்தான் கத்தி இருந்தது. ஓர் அறையில் எத்தனை பேர்? நாலு வரைக்கும் ஒரு புள்ளி. நாலைத் தாண்டினால் அந்தப் புள்ளியும் கிடையாது, சேர்த்ததிலிருந்தும் நாலைப் பிடுங்கிக்கொள்ளும்.

ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் நம்பாததால் சரிபார்க்கிற வேலையும் இருந்தது. அவர்கள் ஆள் இங்கே வந்து, சீட்டுக் குலுக்கிப் பன்னிரண்டு வீட்டை எடுத்துத் திரும்பக் கேட்பார். நம் ஆள் அங்கே போய்க் கேட்பார். பன்னிரண்டில் இரண்டு வீடு பிசகலாம். மூன்றாவது பிசகினால் அந்தப் பகுதியின் படிவம் மொத்தமும் குப்பைக்கு. ஏன் பிசகியது என்ற விளக்கமும், வீட்டு எண்ணோடு, இடத்துச் சொந்தக்காரருக்குப் போகும். லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரர் பாட்டில் கம்பெனி.

ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்பது கம்பெனிச் சட்டம். இரண்டாவது குடும்பம் இருப்பது தெரிந்தால் பேச்சே கிடையாது. அன்றைக்கே இரண்டு குடும்பத்தின் சட்டிபானையும் தெருவில் கிடக்கும், கதவில் கம்பெனிப் பூட்டுத் தொங்கும். போன வருஷம் ஒன்பதாம் நம்பரில் அப்படித்தான் நடந்தது. அந்த வீட்டுப் பெண் மூன்று நாள் பூட்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், பூட்டு மனசு மாறும் என்பதுபோல.

முப்பத்தேழில் இரண்டு குடும்பம் இருந்தது.

உலை அணையக் கூடாது என்பதால் தொழிற்சாலைக்கு ராத்திரி பகல் கிடையாது. காலை ஆறு மணிச் சங்குக்கு அக்காவும் மாமாவும் அக்கா மகளும் உள்ளே போவார்கள். அக்காவும் மகளும் பாட்டில் அடுக்குகிற இடத்தில், மாமா லோடில். அதே சங்குக்கு உலைக்காரரும், அவர் மனைவியும், மனைவியின் தங்கையும், உலைக்காரரின் இரண்டு தம்பிகளும் வெளியே வருவார்கள். கேட்டில் சாவி கைமாறும். இவர்கள் எழுந்த பாயில் அவர்கள் படுப்பார்கள். சாயந்திரச் சங்குக்கு அப்படியே தலைகீழ். ஒரே அறையில் ஏழு வருஷம் குடியிருக்கிற இரண்டு குடும்பமும் நின்று பேசிக்கொள்கிற இடம் தொழிற்சாலை கேட் ஒன்றுதான், காலையில் பத்து நிமிஷம், சாயந்திரம் பத்து நிமிஷம்.

ஃப்ரிட்ஜ் ஒன்பது பேரும் சேர்ந்து வாங்கியது. மேல் தட்டு பகல்காரர்களுக்கு, கீழ்த் தட்டு ராத்திரிக்காரர்களுக்கு. டிவியும் அடுப்பும் அப்படித்தான். நாலு பேராக எழுதினால் வீட்டுக்கு எட்டுப் புள்ளி, சுத்தமான நடுத்தரம். ஒன்பது பேராக எழுதினால் மூணுக்கு விழும், சுத்தமான ஏழை. சின்னவள் நாலு என்று எழுதினாள். நடுத்தரமாக வேண்டும் என்கிற ஆசையில் இல்லை. கதவில் பூட்டு விழக் கூடாது, அவ்வளவுதான்.

அன்று சாயந்திரம் கேட்டில் பத்து நிமிஷத்தில் எல்லாம் பேசியாக வேண்டியிருந்தது.

"ரெண்டு மணிக்கு நம்ம வீடு," என்றாள் சின்னவள். "அக்கா, நீ அரை நாள் லீவு போட்டு வந்து நில்லு. அண்ணா, நீங்க அஞ்சு பேரும் ஒன்றரைக்கே எந்திரிச்சு, சாக்குக் கொட்டகைக்குப் பின்னாடி போயிடணும். மூணு மணிக்கு மேல வந்து படுத்துக்கலாம்."

உலைக்காரர் ஆஜானுபாகுவான மனுஷன். பேச்சுதான் கொஞ்சம். "சரிம்மா," என்றார்.

அவர் மனைவி விடவில்லை. "தூக்கத்த ரெண்டா வெட்டிட்டு ராத்திரி உலைகிட்ட நிக்கணுமா? இவரு தூங்கி விழுந்தா பாட்டிலோட சேர்த்து இவரையும் வார்த்து வெச்சிடுவாங்க."

"ஒரு நாள்தானே அண்ணி."

"ஒரு நாள்தான்னு சொல்லித்தான் எல்லாத்தையும் கேக்குறாங்க."

மாமா சிரித்தார். "ஏம்மா கொழுந்தியா, சொந்த வீட்டுக்கே அதிகாரியா வர்ற. உங்கக்கா உன்ன உக்காரச் சொல்லுவாளா, இல்ல விளக்குமாத்தக் கையில குடுப்பாளா?"

"மேடம்னு கூப்பிடணும்," என்றாள் சின்னவள் அக்காவைப் பார்த்து. "மறந்துடாத. 'டி' போட்டுக் கூப்பிட்ட, போச்சு."

"அடிப் போடி. சரி, சரி. மேடம்." அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்குள் சங்கு ஊதிவிட்டது.

மறுநாள் காலையிலேயே ஒரு காரியம் நடந்தது. வீட்டுக்காரர்களை முன்கூட்டி எச்சரித்துவிடக் கூடாது என்று அக்கரைக்காரர் அவள் போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "விதிம்மா. கோவிச்சுக்காதீங்க." ஐம்பது வயசு இருக்கும். சட்டைப் பொத்தானில் நூல் கட்டிப் பேனாவைத் தொங்கவிட்டிருந்தார். செருப்பின் வாரை இரண்டு இடத்தில் தைத்திருந்தார். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை கண்ணைக் கொட்டாமல் ஆளையே பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பொய் சொல்பவன் தானாகவே திக்குவான்.

பதினொன்றாம் நம்பரில் முதல் பிசகு. போன மாதம் டிவி இருக்கிறது என்று பெருமையாகச் சொன்ன ஆள், அக்கரைக்காரர் பார்வைக்குப் பயந்து, "அது என் மச்சானுதுங்க, ரிப்பேருக்கு வந்திருக்கு," என்றான். ஓடிக்கொண்டிருந்த டிவியைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னான். ஐம்பத்திரண்டில் இரண்டாவது பிசகு. வாசலில் நின்ற பைக்கை அந்த வீட்டுக்காரன் தன்னுடையது இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தான். அதிகாரி பறிமுதல் செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்தானாம். "அப்ப யாருது?" என்று கேட்டதற்கு, "காலைலருந்து நானும் அதத்தான் யோசிக்கிறேன்," என்றான்.

அக்கரைக்காரர் இரண்டு பிசகையும் எழுதிக்கொண்டார். "இனி ஒண்ணுகூடத் தாங்காது," என்றார், வானிலை சொல்வதுபோல.

ஒவ்வொரு வீட்டிலும் நேரம் இழுத்தது. இரண்டு மணி போயிற்று. மூன்று போயிற்று. சின்னவள் கையில் கடிகாரமும் இல்லை, போனும் இல்லை. நிழல் நீள்வதைப் பார்த்துப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போட்டாள். சாக்குக் கொட்டகைக்குப் பின்னால் நிழலே கிடையாது, உடைந்த கண்ணாடியைக் கொட்டி வைத்திருக்கும் இடம். அங்கே அந்த ஐந்து பேரும் எவ்வளவு நேரம் நின்றிருப்பார்கள்?

நாலே முக்காலுக்கு முப்பத்தேழின் வாசலுக்கு வந்தார்கள். வாசலில் ஐந்து ஜோடி பூட்ஸ் வரிசையாக நின்றது. முனையெல்லாம் தீ பொசுக்கிய பூட்ஸ்.

வந்துவிட்டார்கள். உள்ளேதான் இருக்கிறார்கள்.

அக்கா கதவுக்கு வெளியே, படியில் உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் துள்ளி எழுந்து, "வாங்க மேடம், வாங்க மேடம். போன மாசம் வந்தீங்களே! நல்லா இருக்கீங்களா மேடம்? வீட்ல எல்லாரும் சௌக்கியமா மேடம்?" என்று மூச்சு விடாமல் கொட்டினாள். கண் மட்டும் வேறு பேசியது: நாலு மணி வரைக்கும் பாத்தோம்டி, இனி வரமாட்டீங்கன்னு நெனச்சோம்டி.

"இங்கயே கேட்டுடலாமா சார்?" என்றாள் சின்னவள். "உள்ள புழுக்கமா இருக்கும்."

"தரையப் பாக்கணுமே."

"சிமெண்ட் தரைங்க," என்றாள் அக்கா. "அசல் சிமெண்ட்."

"பாத்துடறேனே."

அக்கா கதவைத் தள்ளினாள். பதற்றத்தில் நேராகத் தள்ளினாள். அந்தக் கதவு அடியில் ஊதிப்போன கதவு. நேராகத் தள்ளினால் அசையாது. சின்னவள் கால் தானாகவே முன்னால் போய், இடது பாதத்தைக் கதவுக்கடியில் கொடுத்து லேசாகத் தூக்கியது. கதவு திறந்தது.

அக்கரைக்காரர் கதவைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்தார்.

உள்ளே பகல் இல்லை. ஜன்னலில் உலைக்காரரின் சாம்பல் நிறக் கம்பளி, நாலு ஆணியில் நாலு மூலையும் இறுக்கி மாட்டி, ஒரு இழை வெளிச்சம்கூட நுழையாமல் அடைத்திருந்தது. உலையருகே யார் மேலாவது தீப்பற்றினால் சுற்றி அணைக்கக் கம்பெனி கொடுத்த முரட்டுக் கம்பளி அது. இருட்டுக்குள் பல பேர் மூச்சு விடுகிற சத்தம்.

"லைட்டு?" என்றார் அக்கரைக்காரர்.

சுவிட்ச் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், ஆள் தோள் உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. சின்னவள் கை நேராக அங்கே போய் அதைத் தட்டிவிட்டு வந்தது. தட்டிய பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விளக்கு எரிந்தது. தரையில் ஐந்து பேர் சுவரோரம் தலை வைத்து, அளவெடுத்து அடுக்கிய பாட்டில்கள்போல வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் உலைக்காரர். முழங்கை வரைக்கும் பழைய தீப்புண் வடு.

"இவங்க?"

"விருந்தாளிங்க," என்றாள் அக்கா.

"அஞ்சு பேரும்?"

"தூரத்துச் சொந்தம். பயணக் களைப்பு. இப்பத்தான் வந்து படுத்தாங்க."

"எங்கருந்து வர்றாங்க?"

அக்கா திணறினாள். தூரமான ஊராகச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியதுபோல. "அக்கரையிலேர்ந்து," என்றாள்.

"அட! எங்க பக்கமா?" அக்கரைக்காரர் முகம் அப்போதும் சிரிக்கவில்லை. "எந்த ஊரு?"

அறையில் யாரும் மூச்சு விடவில்லை, தூங்குகிறவர்களைத் தவிர. அந்த நேரம் பார்த்து உலைக்காரர் மனைவி வெளிச்சம் பட்டுப் புரண்டு, கண்ணைத் திறக்காமலே, "சங்கு ஊதிடுச்சாக்கா?" என்றாள்.

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உலைக்காரர் விழித்துக்கொண்டார். எதிரே சட்டை போட்ட புது ஆள் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, மேஸ்திரி முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண் பாதிதான் திறந்திருந்தது. முப்பது வருஷமாக, மேலே இருந்து யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகிய மனுஷன்.

அக்கரைக்காரர் ஜன்னலருகே போனார். கம்பளியைத் தொட்டார். ஓர் ஆணியை விரலால் தடவினார். படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"இத யாரு மாட்டுவாங்க, யாரு கழட்டுவாங்க?"

இந்தக் கேள்வி வெளி ஆளுக்கு வராது. ஜன்னலை ஏன் மூடியிருக்கிறீர்கள் என்று கேட்பான், வெயிலா, கொசுவா என்று கேட்பான். மாட்டுகிறவன் ஒருத்தன், கழற்றுகிறவன் வேறொருத்தன் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

"காலைல நான் மாட்டுவேங்க," என்றார் உலைக்காரர். "சாயந்திரம் அந்தப் பொண்ணு கழட்டும்."

விரல் நேராகச் சின்னவளைக் காட்டியது.

"எந்தப் பொண்ணு?" அக்கரைக்காரர் திரும்பினார். "மேடத்தையா சொல்றீங்க?"

"தூக்கக் கலக்கத்துல ஏதோ ஒளர்றாருங்க!" என்று அக்கா கத்தினாள். அவள் குரலில் மற்ற நாலு பேரும் விழித்துக்கொண்டார்கள். தம்பிகள் இருவரும் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். ஓடச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. உலைக்காரர் மனைவி மட்டும் சின்னவளையே பார்த்தாள். திட்டவில்லை. ஒன்பதாம் நம்பரில் பூட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளின் பார்வை அது. சின்னவளால் அதைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்தாள்.

அக்கரைக்காரர் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து, பேனாவின் நூலை இழுத்துச் சரி செய்துகொண்டு, முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார். தரை. சிமெண்ட். விசிறி. இருக்கிறது. ஃப்ரிட்ஜ். எழுந்து போய்த் திறந்தார். மேல் தட்டைப் பார்த்தார், கீழ்த் தட்டைப் பார்த்தார், நடுவில் சிவப்புப் பெயிண்டால் போட்ட கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூடினார். ஒவ்வொன்றுக்கும் அக்கா பதில் சொன்னாள்.

பத்தாவதுக்கு வந்தார். படிவத்தில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் படித்தார்.

"நேத்து ராத்திரி இந்த அறையில எத்தன பேரு தூங்கினீங்க?"

அக்கா சின்னவளைப் பார்த்தாள். பிறகு, "நாலு," என்றாள்.

அக்கரைக்காரர் உலைக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க நேத்து ராத்திரி எங்க தூங்கினீங்க?"

"தூங்கலைங்க. உலைகிட்ட நின்னேன்."

"இவங்க?"

"இவங்களும்தாங்க. யாரும் தூங்கல."

தம்பிகளில் சின்னவன் சுருட்டிய பாயை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். கடைசியில் அக்கரைக்காரர் குனிந்து எழுதினார். ஓர் எண். அப்புறம் அதற்குக் கீழே, இன்னொரு வரி. என்ன எழுதினார் என்று தெரியாதபடி படிவத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"தூங்குங்க," என்றார் உலைக்காரரிடம். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு சங்குக்கு."

பஸ் நிறுத்தம் வரைக்கும் இருவரும் நடந்தார்கள். அக்கரைக்காரர் போனை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"நீங்க ஏன் நிக்கிறீங்க?" என்றார்.

"பஸ்சுக்குத்தான் சார்."

"வீட்ட விட்டு வந்துட்டு எந்த வீட்டுக்குப் பஸ் ஏறப் போறீங்க?"

சின்னவள் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். "சார், என் வேலை போனாப் போகட்டும். அந்த ரூமு..."

"எங்க அம்மா அப்பா ரெண்டு பேரும் ராத்திரி ஷிப்ட்டு," என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி. "பத்து வயசு வரைக்கும் பகல்ல பேசக் கூடாதுன்னுதான் வளந்தேன். எங்க ஜன்னல்ல சாக்கு. காலைல மாட்டுறது எங்கப்பா. சாயந்திரம் கழட்டுறது யாருன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது. எங்களோட ஒரே ரூம்ல இருந்தவங்கதான். மொகம் பாத்ததில்ல."

படிவத்தை எடுத்து நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க."

பத்தாம் கேள்விக்கு எதிரே, நாலு. மொத்தம், எட்டுப் புள்ளி. பொருந்துகிறது.

"ஏன் சார் விட்டுட்டீங்க?"

"நான் எதையும் விடலம்மா. நேத்து ராத்திரி தூங்கினவங்க எத்தன பேருன்னு படிவம் கேட்டுச்சு. நாலு பேரு தூங்கினாங்க. தூங்காம நின்னவங்களப் பத்தி அது கேக்கல." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "எங்க பக்கம் எட்டு மணி நேர ஷிப்ட்டு. அதனால மூணு. ஒரு ரூம்ல மூணு குடும்பம். எங்க ஆளுங்க மூணையும் தனித்தனி வீடா எழுதிட்டாங்க. நீங்க அஞ்சு பேரத் தொலச்சீங்க, நாங்க ஒரே ஃப்ரிட்ஜ மூணு தடவ எண்ணினோம். இத வெச்சுக்கிட்டு எந்த நாடு முந்துதுன்னு பாக்கப் போறாங்க."

எண்களுக்குக் கீழே 'குறிப்பு' என்று ஒரு கோடு உண்டு. யாரும் அதில் எதையும் எழுதுவதில்லை. அக்கரைக்காரர் எழுதியிருந்தார்: ஜன்னலில் கம்பளி.

"இது?" சின்னவளுக்கு மறுபடியும் பயம் வந்தது. "யாராவது கேட்டா?"

"புரிஞ்சவன் நம்ம ஆளாத்தான் இருப்பான், காட்டிக் குடுக்க மாட்டான். புரியாதவன் கேக்க மாட்டான்." பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். "சுவிட்ச்ச இடம் மாத்தி வைங்க," என்றார் படியில் நின்றபடி.

அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளையே பார்த்த உலைக்காரர் மனைவியின் பார்வை கண்ணை விட்டுப் போகவில்லை. நாலு என்று எழுதியதில் அந்த வீடு பிழைத்தது. ஆனால் ஐந்து ஆளை அவள் கையாலேயே இல்லாமல் செய்திருந்தாள், இந்த வீட்டில் மட்டும். இப்படி எத்தனை வீடு என்று அவளுக்குத் தெரியும். பகலில் லைனில் நடந்தால் ஜன்னலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மறுநாள் காலையில், படிவக் கட்டை ஒப்படைக்குமுன், அலுவலகத்தில் யாரும் வராத நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். நாற்பத்தொரு படிவத்தில், குறிப்பு என்ற இடத்தில், அதே இரண்டு வார்த்தையை எழுதினாள். எண்ணை மாற்றவில்லை. மாற்றினால் நாற்பத்தொரு கதவில் பூட்டு விழும். அந்த ஐந்தைந்து பேரும் எங்கேயாவது ஓர் ஓரத்தில், யாருக்கும் புரியாத பாஷையிலாவது இருக்கட்டும் என்றுதான் எழுதினாள். நாற்பத்தொன்றில் ஒன்று தப்பான கண்ணில் பட்டாலும் போதும்.

மூன்று வாரம் கழித்து மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். அலுவலகத்தில் அவருக்குத் தசமம் என்று பட்டப்பெயர். மனைவிக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டாலும், "புள்ளிக்கு அப்புறம் எவ்வளவு?" என்று கேட்கிற ஆள்.

அவர் மேசைமேல் அவளுடைய கட்டு இருந்தது. நாற்பத்தொன்றும் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் அக்கரைக்காரரின் படிவம்.

சின்னவள் கதவருகிலேயே நின்றாள்.

"உக்காரு. இதென்ன இது? கம்பளி, கம்பளின்னு நாப்பத்தோரு வீட்டுல எழுதியிருக்க. அவங்க ஆளும் எழுதியிருக்கான்."

"அது வந்து சார்..."

"இரு. நான் சொல்றேன்." தசமம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நாலு நாளா இத வெச்சு யோசிச்சேன். லைன் வீட்டுல போய்ப் பாத்தேன்."

"வீட்டுக்குள்ளயா சார்?" வாய் தப்பி வந்துவிட்டது.

"உள்ள எதுக்கு? ரோட்டுலருந்தே தெரியுதே. ஜன்னல் ஜன்னலா நல்ல கனமான கம்பளி. அடுக்குமாடி வீட்டுலகூட இந்தக் கனத்துல திரை கெடையாது." குரல் துள்ளியது. "தெரியுதா உனக்கு? சாப்பாட்டுக்கே இல்லாதவன் ஜன்னலுக்குக் கம்பளி போடுவானா? இது வசதி. நம்ம படிவம் இத விட்டுடுச்சு. அக்கரையிலயும் பேசிட்டேன், அங்கயும் நெறைய வீட்டுல சாக்கு போடறாங்களாம். சாக்கு வேற, கம்பளி வேற. அடுத்த வருஷத்துலேர்ந்து பதினோராவது கேள்வி. ஜன்னல்ல கம்பளி இருந்தா ஒரு புள்ளி. இத வெச்சே நாம அவங்கள முந்திடுவோம். புள்ளிக்கு அப்புறம் நாலாவது இலக்கம் கூடும்."

சின்னவள் அவர் முகத்தையே பார்த்தாள். நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதுக்குள்ள இன்னொரு குடும்பம் தூங்குது சார். சொல்லிவிட்டால் இந்த மனுஷன் இந்த நிமிஷமே போனை எடுத்துக் கம்பெனிக்குப் பேசுவார். நாற்பத்தொரு வீடு. சட்டிபானை தெருவில். நாலு ஆணி சுவரில் சும்மா நிற்கும்.

"கரெக்ட்தானே? வசதிதானே?" என்றார் தசமம்.

"வசதிதான் சார்," என்றாள்.

சாயந்திரம் கேட்டில் சொன்னாள். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். உலைக்காரர் மனைவி, "நல்ல வேள, நாலு ஆணிக்கும் நாலு புள்ளி குடுக்கல," என்றாள்.

உலைக்காரர் சிரிக்கவில்லை. சாவியை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். யோசித்தார்.

"அப்ப நம்ம வீட்டுக்கு இன்னும் ஒரு புள்ளியாம்மா?"

"நம்ம வீட்டுக்கு இல்லண்ணா. எங்க நாலு பேருக்கு. நீங்க கணக்குலயே இல்ல."

சங்கு ஊதத் தொடங்கியது. தம்பிகள் உள்ளே ஓடினார்கள். உலைக்காரர் இரண்டடி நடந்தவர், நின்று திரும்பினார். அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னார், அவர் குரல் உயர்ந்து சின்னவள் கேட்டது அதுதான் முதல் தடவை:

"கம்பளி என்னுதாச்சேம்மா!"